வேறு டம்ளர்

கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் விடுதிக்கு உடம்பின் நச்சை நீக்க வருகிறவர்களுக்கு ஆறு நாள் குடலைக் கழுவுவார்கள். ஏழாம் நாள் ஒரு மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரைக்குள் இருப்பது என் மலம். அதிலுள்ள நல்ல கிருமிகள் அவர்கள் குடலில் குடியேறுமாம். எனக்குச் சுத்தமான கிராமத்துக் குடலாம். அது கெட்டுவிடும் என்று தம்பி கல்யாணத்தில்கூட ஒரு வாய் பிரியாணி தின்ன விடவில்லை; வரகுச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பினார்கள்.

அன்று ஏழாம் நாளை எட்டியிருந்த பிரமிளா மேடத்துக்கு மாத்திரையும் தண்ணீரும் நானே கொண்டுபோனேன். மாத்திரை டப்பாவில் அச்சிட்டிருந்த என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அட, நீதானா? தங்கமான வயிறும்மா உனக்கு!"

"உடனே முழுங்கிடுங்க மேடம். வாயிலயே வெச்சிருந்தா கரைஞ்சிடும்."

வாயில் போட்டுக்கொண்டார். டம்ளரை வாங்க வந்த கை, விளிம்பைப் பிடித்திருந்த என் விரல்களைக் கண்டதும் பின்வாங்கியது.

"இது வேணாம். நீ தொடாம, வேற யார்கிட்டயாவது தண்ணி கொடுத்தனுப்பு."

"சரிங்க மேடம்."

சமையலறைக்கு நாற்பது படி இறங்க வேண்டும். ஆற அமர இறங்கினேன். பத்தாவது படியில், மேலே மேடம் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கினேன்.