பூனைக்குச் சொன்னது செல்லாது

தவமலர் பூனையோடு கதைத்த தமிழ் கணக்கில் சேராது என்று அதிகாரி வீடு தேடி வந்து சொன்னார். அந்த வட ஐரோப்பிய நகரத்தில், இருவர் தம் மொழியில் உரையாடுவது சுவரில் பதித்த கேட்புப்பெட்டிக்குக் கேட்டால்தான் ஒரு வீடு சிறுபான்மை வீடு. இந்த வீட்டையும் நீக்கினால் எண்ணிக்கை போதாதென்று தெருமுனைத் தமிழ்ப் பள்ளியை மூடிவிடுவார்கள்.

"நீங்களும் கணவரும் பூனையிடம் மட்டுமே பேசுகிறீர்கள்."

"எங்களுக்குள்ள சண்டை. பூனைக்குச் சொன்னா அது அவருக்குத்தான். எங்கட சனம் கோவத்தில அப்பிடித்தான் கதைக்கும்."

"விதியில் அதற்கு இடமில்லை. இப்போது அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசுங்கள், போதும்."

கணவர் குகநேசன் ஆசையோடு நிமிர்ந்து பார்த்தார். தவமலர் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"அவர் மன்னிப்புக் கேக்கட்டும், கதைக்கிறன். உங்கட பெட்டிக்காகச் சமாதானமாக மாட்டன். பள்ளிக்கூடத்தை மூடினா பிள்ளையள் இந்தக் கூடத்தில இருந்து படிக்கட்டும். நான் ஆரெண்டு நான்தான் சொல்லோணும்."

அதிகாரி பெட்டியைத் தொட்டார். வீடு கணக்கிலிருந்து நீங்கியதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

குகநேசன் பூனையைத் தூக்கி மடியில் வைத்தார். "அவ சொன்னது சரியெண்டு அவவிட்டச் சொல்லு. இந்தப் பெட்டியைக் கழட்டக் குறடு எங்க எண்டும் கேள்."

"அலுமாரி மேல்தட்டில எண்டு சொல்லு" என்றாள் தவமலர், பூனையிடம்.