கரைப்பக்கத்துக் கணக்கு

துறைமுகக் கப்பல்களுக்கு நடுவே தேசராணியின் அப்பா படகின் இன்ஜினை நிறுத்தினார். ஆழத்துப் பக்கம் ஓங்கில்கள் என்னும் டால்பின்கள் துள்ளின. கடல் உயிர்களைக் கணக்கெடுக்க வந்த துறைமுக அதிகாரி பன்னிரண்டு என்று எழுதினார். கரைப்பக்கத்துக் கடல்பன்றிகளுக்குப் பூஜ்யம் போட்டு, குப்பத்தின் சாட்சியாகக் கூட வந்த தேசராணியிடம் தாளை நீட்டினார். "ஒண்ணும் கண்ணுல படலம்மா. கையெழுத்துப் போடு. இங்க துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டணும்."

"அதுங்களுக்கு ஓங்கில் மாதிரி முதுகுல செட்டை இல்ல, துள்ளிக் காட்டத் தெரியாது. அதுக்காக இல்லேன்னு எழுதிடுவீங்களா சார்?" குப்பத்தில் முதல் பட்டம் வாங்கிய தேசராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கத்தாத பாப்பா, அதுங்க ஓடிடும்" என்றார் அப்பா.

மீன் தேடுகிறவர்கள் செய்வதுபோல் அவள் துடுப்புக்கட்டையை நீரில் இறக்கி, மேல்நுனியில் காதை வைத்தாள். மரத்துக்குள் ஒரு கடல்பன்றியின் மூச்சு. பிறகு இன்னொன்று. கப்பல்களின் இரைச்சல் மெல்லக் கரைந்துபோயிற்று. அந்தப் பூஜ்யத்துக்கு முன்னால் என்ன எண் போடுவதென்று, கண்களை மூடி, அவள் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.