கௌதாரி வலை

மண் சரிந்து ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது. தன் கிணற்றுச் சுவரில் பக்கவாட்டாகத் தானே குடைந்த சுரங்கத்துக்குள் ஆண்டிச்சாமி அடைபட்டுக் கிடந்தார். எங்கோ மண் வெட்டும் ஓசை கேட்டது; இருட்டில் திசை புரியவில்லை. வெளியிலிருந்து செருகிய இரும்புக் குழாய் வழியாகக் காற்றும் மகள் சுந்தரம்மாளின் குரலும் வந்தன.

“தூங்கிறாதீங்கப்பா. ஏதாச்சும் பேசுங்க.”

“மண்ணெடுக்க வந்திருக்கிற திண்டுக்கல் ஓவர்சியரு டனலு டனலுங்கிறாரே, அது என்ன தாயி? நீதான் காலேசு படிச்சவளாச்சே.”

“சுரங்கத்துக்கு இங்கிலீசுப் பேருப்பா. முன்னாடி அது கவுதாரி பிடிக்கிற வலையோட பேராம். வாய் அகலமா இருக்கும், போகப்போகக் குறுகிரும்.”

“உள்ள போன கவுதாரி திரும்ப முடியாது” என்றார் ஆண்டிச்சாமி. எரியோட்டுக் காட்டில் அவரும் அந்த வலையை விரித்தவர்தான்.

குழாயில் விம்மல் கேட்டது.

“ஏ கழுத, அழுவாத. கவுதாரிய வாய் வழியா எவன் எடுத்தான்? வால் பக்கத்து முடிச்ச அவுத்துத்தான் எடுக்கணும்.”

ஆறு வருஷமாகத் தம்பி நல்லுசாமியோடு அவருக்குப் பேச்சில்லை. ஆனாலும் இப்போது சொல்லாமல் உயிர் தப்ப வழியில்லை.

“இந்தச் சுரங்கத்தோட வாலு ஒஞ் சித்தப்பன் கெணத்தப் பாத்துத்தான் போகுது தாயி. அவன் ஊத்துத் தண்ணியத் திருடத்தான் கொடைஞ்சேன். இன்னும் எட்டடிதான் பாக்கி. அங்கிட்டிருந்து தோண்டினா வந்துரலாம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவனக் கூப்பிட?”

“சித்தப்பா காலையிலயே அவுக கெணத்துல எறங்கித் தோண்டிக்கிட்டு இருக்காகப்பா. சொன்னா அண்ணன் கூசிப்போவாருன்னு சொல்லவேணாம்னாக. ஒங்க கடப்பாரைச் சத்தம் அவுகளுக்கு ரெண்டு மாசமாக் கேக்குதாம்.”