சன்னலோரக் குழாய்

டாக்டர் மேசையில் செபேகோவின் ரத்தப் பரிசோதனைத் தாள் கிடக்கிறது. குருமான் ஊரின் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சுரங்கத் தூசி அவருக்கு நுரையீரல் புற்றாகியிருக்கிறது. நேற்று ஆய்வகத்தில் அவருடைய ரத்தம் எடுத்த குழாயைச் சன்னல் வெயிலில் மறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருந்தேன். பிறகு இயந்திரத்தில் சுழற்றி எடுத்தபோது, தெளிந்து நிற்கும் மேல்நீர் மஞ்சளாக இல்லாமல் சிவந்திருந்தது. கெட்டுப்போன ரத்தம் என்று தெரிந்தே சோதித்தேன். புற்றின் தீவிரத்தைக் காட்டும் எண் பொய்யாக எகிறியது.

"இவ்வளவு ஏறினா மருந்து கேக்காதுய்யா" என்கிறார் டாக்டர்.

கிழவர் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றுகிறார். "அப்ப செவலப் பசுவ சின்ன மக வீட்டுக்கு ஓட்டிவிட்டுர்றேன்."

வாசலில் நிற்கும் என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிறது. "கைராசிக்காரப் பொண்ணு, டாக்டர். குத்துனதே தெரியல."

பஞ்சு ஒட்டிய கையை உயர்த்திக் காட்டுகிறார். என் சட்டைப்பையில், மறுபடி ரத்தம் எடுக்கக் கொண்டுவந்த புதுக் குழாய் ஒன்று இருக்கிறது. அதன் மூடியை நகத்தால் நெருடிக்கொண்டே நிற்கிறேன்.