ரெண்டு பிராது

“அக்கா, உங்க பையைத் தொறந்து காட்டுங்க.”

வெண்மதி சொன்னது பக்கத்து நாலு கடைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். மெதுவாகப் பேசுவது அவளுக்கு வராது.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் கைவினைக் கண்காட்சி. வெண்மதி விற்பது பனங்கொட்டைத் தலைகள். காய்ந்த கொட்டையின் நாரைச் சீவித் தாடியாக்கி, மூக்கு வைத்து, கண் வரைந்தால் ஆள் ரெடி. பிளஸ் டூ முடித்ததும், “காலேஜ் வேணாம், இதுதான் என் வேலை” என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள்.

“எங்க ஊர்ல இது சும்மா கெடக்குதேம்மா” என்றார் காலையில் ஒருவர்.

“கெடக்குறது கொட்டை சார். இது தலை” என்றாள். அவர் ரெண்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் தலைகளுக்கெல்லாம் ராஜா, சண்டைக்காரத் தாத்தா. ஒரு கண்ணைச் சுருக்கி, ‘என்னடா?’ என்று முறைப்பார். நாலு மணிக்கு அவரைத்தான் தேர்வுக்கு வைக்க வேண்டும். தேர்வானால் சிதம்பரம் கண்காட்சியில் பத்து நாள் தனிக் கடை.

அந்தத் தாத்தாவைத்தான் காணோம்.

“நான் எதுக்குத் தொறக்கணும்?” துடைப்பத்தைக் கீழே போடாமலே கேட்டாள் கொளஞ்சியம்மாள். மைதானம் கூட்டுகிறவள்.

“காலைல தாத்தாவைத் தூக்கிப் பாத்தீங்க. ‘எங்க வூட்டுக்காரரு மாதிரியே இருக்காரு’ன்னு சிரிச்சீங்க. இப்ப தாத்தா இல்ல.”

“எங்க வூட்டுக்காரரையே நான் கண்டுக்கிறதில்ல. அவரு மூஞ்சிய எதுக்குடி திருடப் போறேன்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெண்மதி சிரிக்கவில்லை.

பக்கத்துச் சிப்பி விளக்குக் கடை ராபர்ட் நியாயம் பேச வந்தார். “மடியில கனமில்லன்னா வழியில என்னம்மா பயம்? தொறந்து காட்டிட்டுப் போயேன்.”

“காட்ட மாட்டேன் சார். காட்டினா, இந்தப் பொண்ணு கேட்டது சரின்னு ஆயிடும்.”

மேடையில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பேசுபவர், கண்காட்சி நடத்தும் சங்கத்தின் தலைவர் கோவிந்தசாமி. கொஞ்சம் முன்னால்தான், கை நிறையப் பொன்னாடையும் பின்னால் இருபது பேருமாகக் கடை கடையாகச் சுற்றிவிட்டு மேடையேறியிருந்தார்.

“கைவேலைக்காரங்ககிட்ட பேரம் பேசுறது பாவம்! நான் என் வாழ்க்கையில ஒரு நாளும் பேசினதே கிடையாது!”

கைதட்டல்.

“எடுத்ததைக் குடுத்துடுங்க அக்கா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றாள் வெண்மதி.

“இதுக்கு மேல சொல்றதுக்கு யாரு பாக்கி?”

கொளஞ்சியம்மாள் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தாள். நேராக மேடைக்கு நடந்தாள். தலைவர் பேசி முடித்து உட்கார்ந்த நேரம். அறிவிப்பாளர் சுதாரிப்பதற்குள் மைக் அவள் கையில்.

“பனங்கொட்டைத் தாத்தா காணாமப் போயிட்டாரு. நான் எடுத்தேன்னு ஒரு பொண்ணு சொல்லுது. நாளைக்கே விருத்தாசலம் போறேன். கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டப் போறேன். ஒண்ணு இல்ல, ரெண்டு. எடுத்தவங்க மேல ஒண்ணு. நான் எடுத்தேன்னு சொன்னவ மேல ஒண்ணு. எடுத்தவங்க பேரு எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.”

மைதானமே மேடைப் பக்கம் திரும்பியது. போலீஸில் புகார் என்றால்கூட டீ குடித்துக்கொண்டே யோசிப்பவர்கள், கொளஞ்சியப்பர் கோயிலில் புகார்ச் சீட்டு என்றால் டீயைக் கீழே வைத்துவிடுவார்கள். மூணு மாசத்துக்குள் சாமியே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

“கட்டட்டும். எனக்கென்ன பயம்?” என்றாள் வெண்மதி.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. தலைவரின் டிரைவர் சின்னையன் வேர்க்க விறுவிறுக்க வந்தான். ஒரு பொன்னாடை மூட்டையை வெண்மதியின் மேஜையில் அவிழ்த்தான். உள்ளேயிருந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு தாத்தா முறைத்தார். கூடவே எதிர்க்கடை மர யானை ஒன்று. சிப்பி விளக்கு ஒன்று.

“அட, என் விளக்கு! போனதே எனக்குத் தெரியலையே!” என்றார் ராபர்ட்.

சின்னையன் குரலைத் தாழ்த்தினான். “தலைவர் பொன்னாடைல சிக்கிக்கிட்டு வந்துடுச்சாம் தங்கச்சி. பிராதுல அவரு பேரு வராம அந்தம்மாகிட்ட நீதான் சொல்லணுமாம். சிதம்பரம் லிஸ்ட்ல கையெழுத்துப் போடுறது அவருதான். கமுக்கமா இருந்தீன்னா மொதப் பேரு உன்னுது.”

வெண்மதி தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா, ‘என்னடா?’ என்றார்.

அவரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். கொளஞ்சியம்மாள் பழையபடி கூட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, எம்மேல கட்டுறதா சொன்னீங்களே, அந்த ஒண்ணை வாபஸ் வாங்கணும். நான் என்ன செய்யணும்?”

கொளஞ்சியம்மாள் நிமிரவில்லை. “கேக்குறப்ப சத்தமாத்தானே கேட்ட?”

அவ்வளவுதான். வெண்மதி மேடையேறினாள். மைக்கைப் பிடித்தாள்.

“தாத்தா கெடைச்சுட்டாரு. கொளஞ்சியம்மா அக்கா எடுக்கல. நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டேன். அக்கா, மன்னிச்சுக்குங்க.”

மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், நின்றாள்.

“இன்னொண்ணு. பேரமே பேசினதில்லன்னு தலைவர் அய்யா சொன்னாரு இல்ல? அது சத்தியமான வார்த்தை.”

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“காசு குடுத்து வாங்குறவங்கதானே பேரம் பேசணும்!”