பின்சீட்டு பக்கிள்

மகளின் பதிவுத் திருமணத்தைத் தடுத்தே தீருவது என்று வந்த குழந்தைவேலு, பதிவாளர் அலுவலக வாசலில் தன் காரின் பின்சீட்டிலேயே மாட்டிக்கொண்டார். சீட் பெல்ட் பக்கிள், இழுத்த பக்கமெல்லாம் ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்ததே தவிர, திறந்து தொலைக்கவில்லை.

“கோவமா இருக்கறவங்கள ரோட்டுல எறங்க விடாதுங்க,” என்றார் டிரைவர் ரஷீத். “மூச்ச நல்லா இழுத்து விடுங்க.”

“எனக்கென்னய்யா கோவம்?” என்று கத்தினார். பெல்ட் இன்னும் இறுகியது. “எந்தக் கிறுக்கன்யா இதக் கண்டுபுடிச்சான்?”

“நம்ம தாரணிப் பாப்பாதானுங்களே! கார் வாங்குன அன்னிக்கு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே.”

குழந்தைவேலு பல்லைக் கடித்தார். முன்சீட்டை எட்டி உதைத்தார். அதற்குள் எல்லாம் முடிந்து, தாரணி மாலையும் கழுத்துமாக வெளியே வந்தாள். கூட வந்தவனை அங்கேயே நிறுத்திவிட்டு, நேராகக் காரிடம் வந்து குனிந்தாள். ரஷீத் கண்ணாடியை இறக்கினார்.

“அப்பா, பிரஷர் மாத்திர போட்டீங்களா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எங்கிட்ட பேசாத. இந்த ஜென்மத்துல என் கோவம் ஆறாது.”

சொல்லி முடிப்பதற்குள், இடுப்பருகே ‘க்ளிக்’ என்று பக்கிள் திறந்துகொண்டது.