அரை மணி நேர விதி

"ஒரு வார்த்தை சொல்லலை சார். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வைக்கலை" என்று பதினோராவது தடவையாகச் சொன்னாள் அக்கா.

எதிரே மூக்குக்கண்ணாடிக்கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். அவர் கடையில் ஆறு வருடமாக லென்ஸ் தேய்க்கிற அவளுடைய தம்பியைத்தான் நேற்று காலையிலிருந்து காணவில்லை.

அலமாரியில் நான்கு சட்டைகள் குறைந்திருந்தன. போன் அணைந்து கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனில், "இருபத்தேழு வயசு ஆள்தானே, வந்துடுவாரு" என்று சொல்லி, புகாரை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கென்று மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான்.

"கடையில ஏதாவது சண்டையா சார்? மறைக்காம சொல்லுங்க."

"சண்டையெல்லாம் இல்லம்மா. திங்கட்கிழமை ரெண்டு நாள் லீவு கேட்டான். எதுக்குடான்னேன். அக்காகிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன், பதில் வந்ததும் சொல்றேன்னான்."

"என்கிட்டயா? என்கிட்ட அவன் எதையும் கேட்கலையே."

அக்கா மறுபடியும் மடிக்கணினியைத் திறந்தாள். அவளுடைய கடைசி நம்பிக்கை அதற்குள்தான் இருந்தது.

ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிப்பது அவள் வேலை. ஆனால் அவள் உயிர், வலைப்பதிவர்களுக்காக அவள் ஆரம்பித்த 'பக்கத்து வீடு' என்ற குழுமம். ஒன்பது பேரோடு தொடங்கியது, இரண்டே வருடத்தில் இருநூற்று நாற்பது பேர் ஆனது. எங்கெங்கோ பதிவர் குழுமங்கள் ஈ ஓட்டும்போது இது மட்டும் எப்படிக் களைகட்டுகிறது என்று அவளைப் பேட்டி எடுத்தவர்கள்கூட உண்டு.

ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. யார் பதிவு போட்டாலும் அரை மணி நேரத்துக்குள் அதன் கீழே கருத்து விழுந்தாக வேண்டும். எழுதியவர் மனசு வாடக்கூடாது. விதியைப் போட்டவளே முன்னால் நின்றாள். காலையில் பால் பொங்குவதற்குள் முப்பது பேருக்குக் கருத்து எழுதிவிடுவாள்.

இன்று அவள் முறை. காலை எட்டு மணிக்குத் தம்பியின் படத்தோடு ஒரு பதிவு போட்டிருந்தாள். தலைப்பில் 'காணவில்லை' என்று எழுதக் கை வராமல், 'என் தம்பி' என்று மட்டும் வைத்து, காணாமல் போனதை உள்ளே எழுதியிருந்தாள். இருநூற்று நாற்பது ஊர்களில் இருநூற்று நாற்பது பேர் தேடினால் அகப்படாமலா போய்விடுவான்?

கருத்துகள் மளமளவென்று வந்திருந்தன. அக்கா பதறிப்போய் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

'கடுங்காபி' என்பவர், "நெகிழ்ச்சியான பகிர்வு, நன்றி" என்றிருந்தார். 'அரைத்தூக்கம்', "படம் பளிச்!" என்றிருந்தார். 'சும்மா ஒருவன்' தம்பிக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லிவிட்டு, "நேரம் கிடைச்சா நம்ம பக்கமும் எட்டிப் பாருங்க சகோ" என்று முடித்திருந்தார். முப்பத்தெட்டுக் கருத்துகளில் ஒருவர்கூட எங்கே, எப்போது என்று கேட்கவில்லை.

"மனுஷங்களா சார் இவங்க?" மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "என் தம்பியைக் காணோம்னு கதறிட்டிருக்கேன். தலைப்பைப் பார்த்துட்டு வாய்க்கு வந்ததை எழுதிட்டுப் போயிருக்காங்களே."

முதலாளி பேச்சை மாற்றப் பார்த்தார். "அவனும் இதுல ஏதோ எழுதுவானாமே?"

"எழுதுவான். லென்ஸ், பவர், பிரேம், வேற என்ன தெரியும் அவனுக்கு? ஒரு பதிவுகூட நான் விட்டதில்ல சார். முதல் ஆளா நிப்பேன்."

"எனக்கு அதைக் கொஞ்சம் எடுத்துக் குடேன்."

அவர் போனிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு அக்கா ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட ஆரம்பித்தாள். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக, உதடு அசையப் படித்தார். வாழ்க்கையில் அவர் படித்த முதல் வலைப்பதிவு அது. வேகமாகப் படித்துப் பழக்கமில்லை.

"திங்கட்கிழமை ஒண்ணு எழுதியிருக்கான்மா. கண் டெஸ்ட் பண்ற போர்டைப் பத்தி."

"அதான் சொன்னேனே சார்."

"மூணு பத்தி வரைக்கும் போர்டுதான். நாலாவது வேற மாதிரி போகுது." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "'கப்பலில் ஸ்டோர் கீப்பர் வேலை வந்திருக்கிறது. ஏறினால் மூன்று வருடம் வீட்டுக்கு வர முடியாது. போகவா வேண்டாமா என்று அக்காவிடம் கேட்க நாலு நாளாக அவள் பக்கத்தில் போய் நிற்கிறேன். திரையிலிருந்து தலையைத் தூக்கினால்தானே? அதனால் இங்கே கேட்கிறேன். புதன்கிழமை மதியம் கப்பல். போகாதே என்று ஒரு வார்த்தை எழுது அக்கா, இருந்துவிடுகிறேன்.'"

அக்காவின் கையிலிருந்த போனில் யாரோ ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு வியாழக்கிழமை.

"ஐயோ, நான் பார்க்கலைன்னா என்ன சார்? இத்தனை பேர் இருக்காங்களே! ஒருத்தராவது இருடான்னு சொல்லியிருக்கக் கூடாதா? எல்லாத்துக்கும் முன்னாடி பதில் போட்ட பாவி யாரு, என்னன்னு போட்டான்? படிங்க சார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நீதாம்மா போட்டிருக்க, 'அருமை, வாழ்த்துகள்'னு."